வீட்டிலேயே புலன்களை அளந்து பார்ப்பது எப்படி: ஒரே நாளில் எட்டுச் சோதனைகள்

இரண்டு பேர், ஒரு விடுமுறை நாள், சமையலறையிலும் ஜியாமெட்ரி பாக்ஸிலும் கிடக்கும் சாமான்கள். இவ்வளவு இருந்தால் மூக்கு, நாக்கு, தோல், காது, கண் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கிறது என்று நோட்டில் எண்ணாகவே எழுதிவிடலாம்.

எங்கள் தெருப் பிள்ளைகளோடும் அவர்களின் அப்பா அம்மாக்களோடும் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். சோதனை நடக்கும்போது சொதப்புகிறவர்கள் குறைவு. அதற்கு முந்தின அரைமணி நேரத்தில் சொதப்பிவிட்டு வந்து உட்காருகிறவர்கள்தான் அதிகம். ஃபில்டர் காபி குடித்த வாயோடு சுவைச் சோதனைக்கு வருவார்கள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விளையாடிவிட்டுத் தொடு உணர்வை அளக்க விரலை நீட்டுவார்கள்.

புலன்கள் மாற்றத்தைத்தான் செய்தியாக எடுத்துக்கொள்ளும். மாறாமல் இருப்பதைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். காலையில் கட்டிய வாட்ச் பத்து மணிக்கெல்லாம் கையில் இருப்பதே தெரியாது. அதனால் சோதனைக்கு முன்பு அந்தப் புலன் எதில் ஊறியிருந்ததோ, அதுவே அதன் தொடக்கப் புள்ளி ஆகிவிடும். கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யச் சொல்வது இதனால்தான்.

1. முந்தின நாளே எடுத்து வைக்க வேண்டியவை

ஜெம் கிளிப் ஒன்று. 30 செ.மீ. ஸ்கேல். மூடியோடு ஒரே அளவிலான இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் கொள்வதாக. ஒன்றிரண்டு கிலோ அரிசி. கிராம் காட்டும் சமையலறைத் தராசு. ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் புதிய ஓஸ் பைப். மூன்று கிண்ணங்கள், தண்ணீர்ச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர். ஒரே கம்பெனியின், ஒரே வடிவத்தில், வெவ்வேறு பழ வாசனையில் வரும் மிட்டாய். கண் கட்ட ஒரு துண்டு. ஒரு நாணயம், ஒரு நோட்டு.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. உடம்புச் சூட்டை ஒட்டிய சில டிகிரியைத்தான் அது காட்டும். குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் ஒன்றும் சொல்லாது.

டப்பாக்கள் ஒரே அளவில் இருந்தே ஆக வேண்டும். ஏன் என்பது ஆறாம் படியில் புரியும்.

2. வரிசையை எழுதி ஒட்டுங்கள்

காலையில் மூக்கும் நாக்கும். பிறகு தோல், எடை, காது. மதியத்துக்கு மேல் கண்ணின் குருட்டுப் புள்ளி, ஸ்கேல் பிடித்தல், மூன்று கிண்ணம். இரவில் இருட்டுச் சோதனை.

மூக்கும் நாக்கும் முதலில் வருவதற்குக் காரணம், சமையலறையில் தாளிக்கும் வாசனை கிளம்பிவிட்டால் அவை அன்றைக்கு அவ்வளவுதான். பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பேஸ்டில் நுரை வரச் சேர்க்கும் சோப்புப் பொருள் இனிப்பை மட்டுப்படுத்தி, கசப்பைத் தூக்கிக் காட்டும். பல் தேய்த்த உடனே ஆரஞ்சு ஜூஸ் குடித்து முகம் சுளித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கிண்ணச் சோதனையைக் கை சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளுங்கள். குளிர்ந்து விறைத்த விரல் தொடு உணர்வில் பாதியைக் கோட்டை விட்டுவிடும். இருட்டுச் சோதனை கடைசி. நடுவில் ஒரு விளக்கைப் போட்டால் அரைமணி நேரக் காத்திருப்பு வீண்.

3. சோதனைக்கு முன்பு நாணயத்தைச் சுண்டுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டினால் எட்டுச் சோதனைகளும் வெறும் விளையாட்டு.

சோதனைக்கு உட்காருபவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியக் கூடாது. நடத்துபவரும் மனதில் தோன்றியபடி மாற்றி மாற்றிக் கொடுக்கக் கூடாது. மனிதர்கள் மனதால் கலைத்துப் போடும்போது ஒன்று விட்டு ஒன்று என்ற ஒழுங்கு தானாக வந்து விழும். எதிரே இருப்பவர் பத்தாவது முறைக்குள் அதைப் பிடித்துவிடுவார். தலை விழுந்தால் முதல் டப்பா, பூ விழுந்தால் இரண்டாவது டப்பா என்று 20 முறைக்கும் முன்கூட்டியே சுண்டி, நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

"தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "முதலாவதா, இரண்டாவதா?" என்று கேளுங்கள். தெரிகிறதா என்று கேட்டால், தயங்குகிற சுபாவக்காரர் எல்லாவற்றுக்கும் இல்லை என்பார், ஆர்வக்கோளாறுக்காரர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார். நீங்கள் அளந்தது அவர்களுடைய சுபாவமாக இருக்கும், புலனாக இருக்காது. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் சுபாவம் ஒதுங்கிக்கொள்ளும். உறுதியாகத் தெரியாவிட்டாலும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

20-ல் 15 சரியாக வந்தால் அந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபடுகிறது என்று எழுதிக்கொள்ளலாம். வெறும் குருட்டு யூகத்தில் 15 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் சுமார் இரண்டுதான். 12, 13 என்பது அதிர்ஷ்டத்திலும் வரும்.

ஒவ்வொரு பதிலுக்கும் "சரி", "தப்பு" என்று சொல்லாதீர்கள். முகத்திலும் காட்டாதீர்கள். ஒருமுறை எடைச் சோதனையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 20-க்கு 19 எடுத்தான், அதுவும் மிகச் சின்ன வித்தியாசத்துக்கு. அசந்துபோய் மறுபடி செய்தோம். மறுபடியும் 19. எப்படிடா என்றால் சிரிக்கிறான். "கனமான டப்பாவை நீங்க டொக்குனு வைக்கிறீங்க மாமா, லேசானதைப் பார்த்து வைக்கிறீங்க." அவன் அளந்துகொண்டிருந்தது என் கையை. அதிலிருந்து மேஜைமேல் மடித்த போர்வை விரித்துத்தான் டப்பா வைக்கிறேன்.

4. மூக்கைப் பிடித்துக்கொண்டு மிட்டாய்

கண்ணைக் கட்டுங்கள். மூக்கை விரலால் இறுக்கப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் மிட்டாயை வாயில் வைக்க வேண்டும். இந்த இரண்டும் முன்பின் மாறுவதுதான் இங்கே நடக்கும் முதல் தப்பு. உதட்டருகே மிட்டாய் வரும்போதே வாசனை உள்ளே போய்விட்டால் அந்த முறை செல்லாது.

பத்து நொடி சப்பியதும் என்ன பழம் என்று கேளுங்கள். "இனிப்பா இருக்கு, கொஞ்சம் புளிப்பு" என்பதோடு நின்றுவிடுவார்கள். இப்போது வாயை மூடியபடி மூக்கை விட்டு, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடச் சொல்லுங்கள். ஒரு நொடியில் "அன்னாசி!" என்பார்கள்.

மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லாதீர்கள், வெளியே விடச் சொல்லுங்கள். மெல்லும்போது கிளம்பும் வாசனை தொண்டையின் பின்பக்கமாக ஏறி, மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை ஏற்பிகளைத் தொடுவது மூச்சு வெளியேறும் பாதையில்தான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அஜினோமோட்டோவில் இருக்கும் உமாமி என ஐந்து அடிப்படைச் சுவைகள்தான். மூக்கிலோ சுமார் 400 வகை ஏற்பிகள். அன்னாசி, மாம்பழம், ஆரஞ்சு என்று பெயர் வைப்பது முழுக்க மூக்கின் வேலை. ஆனால் அது வாய்க்குள் நடப்பதாக மூளை கணக்கு எழுதிவிடுகிறது. ஜலதோஷம் பிடித்தால் "நாக்கு செத்துப்போச்சு" என்கிறோம். நாக்கு நன்றாகத்தான் இருக்கும். அடைபட்டது மூக்கு.

எலுமிச்சை மிட்டாயைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தூக்கலான புளிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு மிட்டாய்க்கும் நடுவில் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். மூக்கடைப்பு இருப்பவருக்கு இந்தச் சோதனையை இன்னொரு நாள் வையுங்கள்.

கடைசியாக, மூக்கைப் பிடித்தபடியே ஒரு மிளகை மெல்லச் சொல்லுங்கள். இதுவரை தடுமாறியவர் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார். நம் அறுசுவைப் பட்டியலில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு, ஆனால் இரண்டையும் சுவை மொட்டுகள் பிடிப்பதில்லை. காரம், வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்புகள் வழியாக வருவது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது திறக்கும் அதே ஏற்பியை மிளகாயின் கேப்சைசினும் திறந்துவிடுகிறது, மிளகின் காரமும் அதே கதவைத்தான் தட்டுகிறது. நாக்கு எரிகிறது என்று சொல்வது உவமை இல்லை, மூளைக்கு வந்த தகவலே அதுதான். வாழைப்பூவின் துவர்ப்பு பெருமளவுக்குத் தொடு உணர்வு. எச்சிலின் வழவழப்பைத் துவர்ப்புப் பொருள் பிடித்து வைத்துக்கொள்வதால் வாய்க்குள் சொரசொரப்பாகிறது. இதனால் பழைய பட்டியல் தவறாகிவிடாது. சாப்பிடுகிறவனின் அனுபவத்தை வைத்து எழுதிய பட்டியல் அது, ஏற்பிகளை எண்ணி எழுதியதல்ல.

5. ஜெம் கிளிப்பும் இரண்டு புள்ளிகளும்

ஜெம் கிளிப்பைப் பிரித்து ஆங்கில 'யு' வடிவில் வளையுங்கள். இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். காம்பஸ் டிவைடர் கூர்மையானது, அதை எடுக்காதீர்கள். குத்தினால் வலி தெரியும், தொடு உணர்வு மறைந்துவிடும்.

முனைகளுக்கு நடுவே 10 மி.மீ. இடைவெளி வைத்து ஆரம்பியுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டவரின் சுட்டுவிரல் நுனியில் சில சமயம் இரண்டு முனையையும், சில சமயம் ஒரே முனையையும், நாணயம் சொன்னபடி வையுங்கள். "ஒன்றா, இரண்டா?" எல்லாம் சரியாக வந்தால் 6 மி.மீ., 4, 3, 2 என்று இறங்குங்கள்.

இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் படுவதுதான் இதில் கஷ்டம். ஒன்று கால் நொடி முந்திப் பட்டாலும் "டிக்-டிக்" என்று இரண்டாகத் தெரிந்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது இடைவெளியை அல்ல, நேரத்தை. முதலில் உங்கள் தொடைமேல் பத்து முறை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். தோல் லேசாகக் குழியும் அளவு அழுத்தம் போதும். ஒவ்வொரு முறையும் அதே அளவு இருக்க வேண்டும்.

ஒற்றை முனையை நடுநடுவே வைப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் முன்கையில் 5 மி.மீ. இடைவெளியைக்கூட "ரெண்டு" என்று அடித்துச் சொன்னாள். நம்ப முடியவில்லை. நோட்டைப் புரட்டினால், ஒற்றை முனை வைத்த ஏழு தடவையிலும் அவள் பதில் "ரெண்டு"தான். கிளிப்புக்கு இரண்டு கால் இருப்பதை முதலிலேயே பார்த்துவிட்டாளாம்.

விரல் நுனியில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 மி.மீ. வரை இரண்டாகப் பிரிந்து தெரியும். உள்ளங்கையில் 10 மி.மீ. அளவுக்கு வேண்டும். முன்கை, முதுகு, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் 30, 40 மி.மீ. வரை விரித்தால்தான் இரண்டு என்று தெரியும். 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகளை முன்கையில் வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். "ஒண்ணுதானே இருந்துச்சு!" என்று அவர்கள் கேட்கும்போது படம் பிடிக்க யாரையாவது நிறுத்தி வைத்திருங்கள்.

விரல் நுனியில் தொடு ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் காவல் காக்கும் பரப்பும் சின்னது. முன்கையில் ஒரே நரம்பின் ஆளுகை அகலமானது. இரண்டு முனைகளும் ஒரே ஆளுகைக்குள் விழுந்தால் மூளைக்குப் போவது ஒரே செய்தி. மூளையிலும் விரல்களுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கிய இடம் முதுகுக்கு ஒதுக்கியதைவிடப் பல மடங்கு அதிகம். முன்கையில் குறுக்கே வைப்பதைவிட நெடுக்கே வைத்தால் இன்னும் அதிக இடைவெளி தேவைப்படும். ஒரே திசையில் வைப்பதென்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதை நோய் கண்டுபிடிக்கும் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்களிடம் அளந்த அழுத்தம் தரும் நைலான் இழை இருக்கிறது. பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் கிளிப்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

6. இரண்டு டப்பா, ஒரே தோற்றம்

ஒரு டப்பாவில் மூடியோடு சேர்த்து 300 கிராம் வருமாறு அரிசி போடுங்கள். இன்னொன்றில் 330. மேலே துணியைத் திணித்து அரிசி அசையாமல் செய்யுங்கள். அரிசிக்குப் பதில் தண்ணீர் வேண்டாம். தளும்பும் விதத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்று கை கண்டுபிடித்துவிடும்.

ஒரே கையால், ஒன்றன்பின் ஒன்றாக, தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் சும்மா வைத்துப் பார்த்தால் தோலின் அழுத்தம் மட்டும்தான் பேசும். தூக்கி அசைக்கும்போது தசையும் மூட்டும் சேர்ந்து சாட்சி சொல்லும். கணிப்பு கூர்மையாகும். இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் ஏந்தினால், பழகிய கை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

330-ல் 20-க்கு 20 வந்தால் 318-க்கு இறங்குங்கள். பிறகு 312, 306. பெரும்பாலும் 312-ல் தாக்குப்பிடிப்பார்கள், 306-ல் திணறுவார்கள். அதாவது இரண்டு சதவீத வித்தியாசத்தை ஒட்டி எல்லைக்கோடு.

இனிதான் முக்கியமான பாதி. இரண்டு டப்பாக்களையும் 600, 606 ஆக்குங்கள். கூட இருப்பது அதே 6 கிராம், ஆனால் இப்போது சுத்தமாகத் தெரியாது. 612 ஆக்கினால் முன்பு 306-ல் திணறிய அதே அளவு திணறலோடு தெரியும். வித்தியாசம் பிடிபட எத்தனை கிராம் கூட வேண்டும் என்பதற்கு நிலையான பதில் கிடையாது, அடிப்படை எடையில் எத்தனை பங்கு என்பதுதான் ஏறக்குறைய நிலையானது. வேபர் விதி என்று உளவியல் வகுப்பில் சொல்வது இதைத்தான். கரண்ட் போன வீட்டில் ஒரு மெழுகுவத்தி அவ்வளவு வெளிச்சம், கல்யாண மண்டபத்தில் அதே மெழுகுவத்தி யார் கண்ணிலும் படாது.

300 கிராமோடு நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையில் மிஞ்சியது ஓர் எண் மட்டும். இரண்டு எடைகளில் செய்தால்தான் விதி கண்ணுக்குத் தெரியும்.

டப்பாக்கள் ஒரே அளவில் இருக்கச் சொன்னதன் காரணம் இதோ. ஒரு சின்ன டப்பாவையும் ஒரு பெரிய டப்பாவையும் சரியாக 400 கிராம் ஆக்கித் தூக்கக் கொடுங்கள். சின்னதுதான் கனம் என்பார்கள். தராசில் வைத்துக் காட்டிய பிறகும் கைக்கு அப்படியேதான் தெரியும். பெரிய டப்பா கனமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு மூளை காத்திருக்கிறது, அது பொய்த்ததும் பெரியது லேசாகத் தோன்றுகிறது. தெரிந்துகொண்டாலும் போகாத ஏமாற்றம் இது.

7. ஓஸ் பைப்பும் இரண்டு காதுகளும்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவும் குறைவு.

பைப்பின் சரியான நடுவில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு, பத்து வரை. உட்காருபவர் பைப்பின் இரு முனைகளையும் துணி சுற்றிப் பிடித்து, காதுத் துவாரத்தின் வெளியே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே திணிக்கக் கூடாது. பைப் முதுகுக்குப் பின்னால் தொங்கட்டும், மேஜையிலோ நாற்காலியிலோ படக் கூடாது. ஃபேனை நிறுத்துங்கள்.

பென்சிலால் ஏதாவது ஒரு கோட்டில் ஒரே ஒரு தட்டு. "இடமா, வலமா?"

பத்தாவது கோட்டில் ஆரம்பித்து உள்ளே வாருங்கள். 3 செ.மீ., 2 செ.மீ. வரை பலர் சரியாகச் சொல்வார்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டியதைச் சொல்பவர்களும் உண்டு.

ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் ஒரு காதுக்குப் பாதை 1 செ.மீ. குறையும், மற்றதற்கு 1 செ.மீ. கூடும். மொத்த வித்தியாசம் 2 செ.மீ. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 0.02-ஐ 350-ஆல் வகுத்தால், ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி அதில் 57 துண்டு. அவ்வளவு முந்தி வந்ததை வைத்து மூளைத்தண்டு "வலது" என்று தீர்ப்புச் சொல்கிறது. பழகிய காதுகள் பத்துத் துண்டு வரைகூடப் பிடிக்கும்.

தப்பு வரும் இடம்: ஒரு முனையை இறுக்கியும் மற்றதைத் தளர்வாகவும் பிடிப்பது. இறுக்கிய பக்கம் சத்தம் கூடும், எல்லாத் தட்டும் அந்தப் பக்கமாகவே கேட்கும். பத்து முறை முடிந்ததும் முனைகளை இடம் வலம் மாற்றிப் பிடித்து மீதிப் பத்தைச் செய்யுங்கள். சாய்வு பைப்பிலா, காதிலா என்று தெரிந்துவிடும். பலமாகத் தட்டினால் அதிர்வு பிடித்திருக்கும் விரலுக்கே தெரியும், அதனால் லேசாக.

பைப்பைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று. கண்ணை மூடியவரின் மூக்குக்கு நேர் முன்னால், உச்சந்தலைக்கு மேல், பிடரிக்கு நேர் பின்னால் என்று விரலைச் சொடுக்குங்கள். ஓஸ் பைப்பில் அசத்தியவர் இதில் முன்னையும் பின்னையும் குழப்புவார். நடுக்கோட்டில் வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால், நேர வித்தியாசம் என்ற துப்பே கிடையாது. காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் சின்ன மாற்றத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

8. காகிதத்தில் ஒரு கூட்டல் குறி

வெள்ளைத்தாளில் ஒரு கூட்டல் குறி. அதற்கு வலது பக்கம் 8 செ.மீ. தள்ளி, அரை செ.மீ. அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளைக் கை தூரத்திலிருந்து மெதுவாக அருகில் கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல் போகும். இன்னும் நெருங்கினால் திரும்ப வரும்.

"எனக்குப் போகலையே" என்பவர் ஒன்று தப்பான கண்ணை மூடியிருப்பார், இல்லை பொட்டு போய்விட்டதா என்று அதையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்வையின் மையத்திலிருந்து சுமார் 15 டிகிரி தள்ளி, பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி ஏற்பிகளே கிடையாது. பொட்டு அங்கே விழுந்தால் மறையும்.

இப்போது பொட்டின் ஊடாக ஒரு நேர்க்கோடு இழுத்து மறுபடி செய்யுங்கள். பொட்டு மறையும், கோடு முறியாமல் தொடரும். அந்த இடத்தைப் பற்றிக் கண்ணிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்து மூளை நிரப்பிக்கொண்டது.

9. விழும் ஸ்கேலைப் பிடிப்பது

ஸ்கேலின் 0 முனை கீழே இருக்கும்படி ஒருவர் மேலே பிடிக்க, மற்றவர் கட்டைவிரலும் சுட்டுவிரலும் 0-வை ஒட்டி, தொடாமல் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விடுங்கள். பிடித்த இடத்தின் அளவைக் குறியுங்கள். 10 செ.மீ. என்றால் 0.14 நொடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 30 என்றால் 0.25.

முதல் மூன்று முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கை பழக வேண்டும். 10 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் அவர் உங்கள் விரல் நகர்வதைப் பார்த்து முந்திக்கொண்டார் என்று அர்த்தம்.

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் விடும் கணத்தில் "ம்" என்று சொல்ல, அதைக் கேட்டுப் பிடிக்கட்டும். பார்த்துப் பிடித்ததைவிடக் கேட்டுப் பிடித்தது வேகமாக வரும். விழித்திரைக்குள் ஒளி நரம்புச் செய்தியாக மாற ரசாயன வேலைகள் நிறைய உண்டு, நேரம் பிடிக்கும். காதில் நுண்மயிர் வளைந்ததும் செய்தி கிளம்பிவிடும். ஆனால் வாயும் விரலும் ஒரே கணத்தில் இயங்க வேண்டும். ஏறக்குறைய எல்லோருக்கும் வாய் முந்திவிடுகிறது. தனியாக நாலைந்து முறை பழகாமல் இந்தப் பாதியைச் செய்யாதீர்கள்.

10. மூன்று கிண்ணத் தண்ணீர்

இடது கிண்ணத்தில் 15 டிகிரி, நடுவில் 30, வலதில் 40. அதற்கு மேல் வேண்டாம், குழந்தைகளின் தோல் சீக்கிரம் வெந்துவிடும்.

நடுக்கிண்ணத்துக்குக் குழாய்த் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசி மதியத்தில் மேல்தொட்டித் தண்ணீர் வெந்நீர்க் கிண்ணத்தோடு போட்டி போடும். தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.

இடது கை குளிர்ந்ததில், வலது கை வெந்நீரில், இரண்டு நிமிடம். பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து நடுக்கிண்ணத்துக்குள். இடது கைக்கு அது வெந்நீர், வலது கைக்குப் பச்சைத் தண்ணீர். ஒரே கிண்ணம். முப்பது நொடியில் கையை எடுப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. தோல் அந்தச் சூட்டுக்குப் பழக நேரம் கொடுக்க வேண்டும். வியப்பு அடங்கியதும் கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கைகளும் ஒரே பதிலுக்கு வந்து சேரும்.

11. விளக்கை அணைத்து அரைமணி நேரம்

பகலிலேயே சிவப்புச் சார்ட் தாளில் ஒரு துண்டும் நீலத்தில் ஒரு துண்டும் வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டும் பகலில் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரிய வேண்டும். அடர்நீலம் வேண்டாம்.

அறையில் விளக்கை அணைத்து, கதவிடுக்கு வழியே துளி வெளிச்சம் மட்டும் வரவிடுங்கள். மோடத்தின் பச்சைப் பொட்டு, சார்ஜரின் சிவப்புப் பொட்டு எல்லாவற்றின்மேலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். செல்போன்கள் வேறு அறையில். இதைச் சொல்லியும் யாராவது ஒருவர் இருபதாவது நிமிடத்தில் மணி பார்க்கப் போனை எடுப்பார். அவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணி சொல்ல அறைக்கு வெளியே ஓர் ஆளை உட்கார வைப்பது நல்லது.

ஐந்து, பத்து, இருபது, முப்பது நிமிடங்களில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்லட்டும், வெளியே இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் முடிந்தவரை பழகிவிடும். அதற்குப் பிறகு வரும் முன்னேற்றம் எல்லாம் குச்சி செல்களுடையது. அவை முழுதாகத் தயாராக 20, 30 நிமிடம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் "இனிமே ஒண்ணும் தெரியப்போறதில்ல" என்று எழுந்து போகிறவர்கள் நல்ல பாதியைத் தவறவிடுகிறார்கள்.

முப்பதாவது நிமிடத்தில் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டும் நிறமில்லாமல் தெரியும். ஆனால் ஒன்று வெளிறியும் மற்றது கறுத்தும் இருக்கும். கறுத்ததுதான் சிவப்பு. குச்சி செல்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது, சிவப்பு ஒளி அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டுதான்.

முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். பழகிய கண்ணோடு அப்படியே மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கார்த்திகை, மார்கழி இரவென்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மேலே இருக்கும். நேராக உற்றுப் பார்த்தால் ஐந்தாறு எண்ணலாம். பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, அந்தக் கூட்டத்தை ஓரக்கண்ணில் வையுங்கள். கூடுதலாகச் சில எட்டிப்பார்க்கும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே இல்லை, சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன. திரும்பிப் பார்த்தால் மறைந்துவிடும், அதனால் பார்வையை அங்கேயே ஓரமாக வைத்தபடி எண்ணி, எண்ணிக்கையைக் கீழே இறங்கிய பிறகு நோட்டில் எழுதுங்கள்.